சார்ல் குரோ: குரலைக் காக்க நினைத்த கவிஞர்

ஒலிப்பதிவின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் எடிசனிடமிருந்தே தொடங்குவர். 1877 டிசம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில், வெள்ளீயத் தாள் சுற்றிய ஓர் உருளையைக் கையால் சுழற்றியபடி அவர் ஒரு குழந்தைப் பாடலைச் சொன்னார். உருளை அதைத் திருப்பிச் சொல்லிற்று. அந்தக் கருவிக்குரிய பெருமை அவருடையதே. ஆனால் அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1877 ஏப்ரல் 30 அன்று, பாரிஸ் மாநகரின் அறிவியல் கழகத்தில் முத்திரையிட்ட உறையொன்று ஒப்படைக்கப்பட்டிருந்தது. காதுக்குப் புலனாகும் ஒலிகளைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழி அதனுள் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பொறியியலாளர் அல்லர். ஆய்வுக்கூடமோ உதவியாளர்களோ முதலீட்டாளர்களோ அவருக்கு இல்லை. அப்போது முப்பத்து நான்கு வயதான அவர் ஒரு கவிஞர். பெயர் சார்ல் குரோ.

பிரான்சின் தென்பகுதியில், ஓட் மாவட்டத்து ஃபாப்ரெசான் என்னும் சிற்றூரில் 1842 அக்டோபர் முதல் நாள் அவர் பிறந்தார். பாட்டனார் இலக்கண ஆசிரியர். தந்தை தத்துவம் கற்பித்தவர், குடியரசுக் கொள்கையின் பொருட்டுப் பணியை இழந்தவர். மூத்த தமையன் அந்துவான் மருத்துவரானார். பிற்காலத்தில், தென்னமெரிக்காவில் உலக நாடுகள் எவையும் ஏற்காத அரோக்கானியா என்னும் அரசுக்குத் தாமே அரசர் என்று உரிமை கொண்டாடினார் என்பது தனிக்கதை. இன்னொரு தமையன் ஆன்றி சிற்பி. கண்ணாடித் தூளைக் குழைத்து அச்சில் வார்த்துச் சிலை செய்யும் பழங்கலையை மீட்டெடுத்தவர். இவ்வாறு விசித்திரமும் கல்வியும் கலந்து வாழ்ந்த குடும்பத்தில் சார்ல் கடைக்குட்டி. முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. தந்தையிடமும் நூல்களிடமும் பயின்றதே பெரிது. இளமையிலேயே எபிரேயத்தையும் சமஸ்கிருதத்தையும் கற்றார். மொழியின்மேல் பித்து, கணிதத்தின்மேல் பித்து, இசையின்மேல் பித்து; இவற்றுள் எதையும் கைவிட அவர் இறுதிவரை உடன்படவில்லை. அவருடைய வாழ்வின் செழிப்பும் வறுமையும் இந்த ஒன்றிலிருந்தே பிறந்தன.

1860இல், பதினெட்டாம் வயதில், பாரிஸில் காது கேளாதோர் கல்வி நிலையத்தில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். வரலாற்றாசிரியர்கள் இதை ஒற்றை வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும், கேட்காத பிள்ளைகளின் நடுவே நாள்தோறும் நின்ற இளைஞன் ஒருவனுக்கு, ஒலி என்பது காதுக்கு மட்டும் உரியதா, கண்ணுக்கும் கைக்கும் அதைப் புலப்படுத்த இயலாதா என்ற எண்ணம் எழுந்திருக்கக் கூடும் என்று நினைக்க இடமுண்டு. பின்னர் மருத்துவம் படிக்கத் தொடங்கி, அதையும் முடிக்காமல் விட்டார். 1867ஆம் ஆண்டின் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவர் அமைத்த தானியங்கித் தந்திக் கருவி வைக்கப்பட்டது.

அவ்வாண்டின் இறுதியில்தான் முதல் உறை. 1867 டிசம்பர் 2 அன்று, வண்ண ஒளிப்படத்துக்கான வழியை எழுதி, முத்திரையிட்டு அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். இந்த உறை வழக்கத்தைச் சற்று விளக்குவது நலம். தம் கண்டுபிடிப்பை வெளியிட இன்னும் மனமில்லாத ஒருவர், அதை மூடிய உறையில் கழகத்திடம் கொடுத்து வைக்கலாம். கழகம் நாளைக் குறித்துக் கொள்ளும், உறையைப் பிரிக்காது. பின்னாளில் யார் முந்தியவர் என்ற வழக்கு எழுந்தால், எழுதியவர் கேட்டுக்கொண்ட பின் உறை பிரிக்கப்படும். ஒருவர் இன்ன நாளில் இன்னதை அறிந்திருந்தார் என்பதற்கு அது சான்று. அதற்குமேல் எதுவும் இல்லை. காப்புரிமை வேண்டுமானால் அந்நாளைய பிரெஞ்சுச் சட்டப்படி ஆண்டுக்கு 100 பிராங்கு கட்டவேண்டும். உறைக்கு அத்தகைய கட்டணம் இல்லை. கையில் காசில்லாத அறிவாளிக்கு அது ஏற்ற வழி. அதில் பயனும் அந்த அளவே.

வண்ணப் படத்திற்கு அவர் கண்ட வழி இன்றும் வியப்பூட்டுவது. ஒரே காட்சியை மூன்று வண்ணக் கண்ணாடிகளின் வழியே மூன்று முறை படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் அதற்கு எதிர்நிறமான சாயத்தில் அச்சிட்டு, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் இயற்கை நிறங்கள் மீளும். இன்று நம் கையில் புழங்கும் வண்ண அச்சின் அடிப்படை இதுவே. 1869இல் இதை அவர் வெளியிட்டபோது, அதே கருத்தைத் தனியே கண்டு, முந்திய ஆண்டு நவம்பரில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்த லூயி டுக்கோ டு ஓரோன் என்பவர் இருப்பது தெரியவந்தது. இருவருடைய முயற்சிகளும் 1869 மே 7 அன்று, ஒரே அமர்வில், பிரெஞ்சு ஒளிப்படச் சங்கத்தின்முன் வைக்கப்பட்டன. இருவரும் பகைமை பாராட்டவில்லை என்பது இருவருக்கும் பெருமை. ஆனால் டுக்கோவின் கையில் எடுத்துக்காட்டப் படங்கள் இருந்தன. குரோவின் கையில் இருந்தது சிந்தனை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் நிகழப்போவதன் ஒத்திகை இது என்று அன்று யார் அறிவார்?

அதே 1869இல் அவர் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, கோள்களோடு பேசும் வழியைப் பற்றியது. பெரிய ஆடிகளால் ஒளியைக் குவித்துச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் விட்டுவிட்டு அனுப்பினால், அங்கே அறிவுடையோர் இருப்பின் மறுமொழி தருவர் என்பது அவர் நம்பிக்கை. எண்களைக் கொண்டு படங்களை வரி வரியாக அனுப்பும் முறையையும் வகுத்தார். சிரித்தவர் பலர். 1872இல் அவர் எழுதிய சிறுகதையொன்றில், பூமியில் வாழும் இளைஞனும் வெள்ளியில் வாழும் பெண்ணும் ஒளிக்குறிகளால் காதலிக்கிறார்கள். தூரம் அவர்களைக் கொல்கிறது. அறிவியல் கட்டுரையில் தொடங்கியதைக் கதையில் முடிப்பதும், கதையில் கண்டதைக் கருவியாக்க முயல்வதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

கவிஞராக அவர் வளர்ந்த இடம், நினா தெ வில்லார் என்னும் பெண்மணியின் வீட்டுக்கூடம். பியானோவில் தேர்ந்தவர், செல்வம் உடையவர், கணவரைப் பிரிந்தவர். மானே வரைந்த விசிறிகளுக்கிடையே சாய்ந்திருக்கும் பெண்ணின் ஓவியம் அவருடையதே. பாரிஸின் கவிஞர்களும் இசைவாணர்களும் ஓவியர்களும் அவர் வீட்டில் இரவெல்லாம் கூடினர். குரோ அவர்மேல் கொண்ட காதல் சுமார் பத்து ஆண்டுகள் நீடித்தது, பிரிவில் முடிந்தது. முதல் கவிதைத் தொகுதியான சந்தனப் பேழை 1873இல் வெளிவந்தபோது அதை நினாவுக்கே காணிக்கையாக்கினார்.

1871 குரோவின் வாழ்வில் நெருக்கடியான ஆண்டு. பாரிஸ் கம்யூன் காலத்தில் மக்கள் படைப்பிரிவொன்றில் துணை மருத்துவராகப் பணிபுரிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், வட பிரான்சிலிருந்து வரும் ஓர் இளங்கவிஞனை எதிர்கொள்ள வெர்லேனுடன் இரயில் நிலையத்துக்குச் சென்றார். கூட்டத்தில் இருவரும் அவனைத் தவறவிட்டுத் திரும்ப, அவன் தானே நடந்து வெர்லேனின் மாமனார் வீட்டை அடைந்திருந்தான். பதினாறு வயதான அவன்தான் ரிம்போ. பின்னர் அவனுக்குத் தம் இடத்திலேயே தங்க இடம் தந்தவர்களுள் குரோவும் ஒருவர். விருந்தினன் செய்த கைம்மாறு, குரோவின் கவிதைகள் வெளியான இதழ்த் தாள்களைக் கிழித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தியது என்று நண்பர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் சூட்டிசுக் குழுவினர் என்று தம்மை அழைத்துக்கொண்ட கவிஞர் கூட்டம் ஒன்று விடுதி அறையில் கூடிக் கேலிக் கவிதைகளை ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதிவந்தது. அக்குறிப்பேட்டில் வெர்லேன், ரிம்போ ஆகியோரின் கையெழுத்தோடு குரோவின் கையெழுத்தும் நிறைய உண்டு.

பொதுமக்கள் அறிந்த குரோ வேறு ஒருவர். சுவரில் ஆணி அடித்து, நூலில் காய்ந்த மீனைத் தொங்கவிடும் ஒருவனைப் பற்றி, வேண்டுமென்றே வெறுமையாக அவர் எழுதிய வேடிக்கைக் கவிதை ஊரெங்கும் பரவியது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அதை மனப்பாடம் செய்தனர். கொமெடி ஃபிரான்சேஸ் அரங்கின் நடிகர் கொக்லென் காதே அவருடைய தனிமொழி நாடகங்களை மேடையேற்றிப் புகழ்பெற்றார். ஒருவர் மட்டும் நின்று பேசும் அந்த நகைச்சுவை வடிவத்துக்கு வழிவகுத்தவர் குரோ எனலாம். குரலும் மூச்சும் இடைநிறுத்தமும் இல்லையெனில் அவை வெறும் தாள். இதை எழுதியவர்தாம் குரலைப் பிடித்து வைக்கும் வழியைத் தேடினார் என்பது மறக்கத்தக்கதன்று.

இனி அந்த இரண்டாம் உறைக்கு வருவோம். 1857இலேயே எடுவார்-லியோன் ஸ்காட் தெ மார்த்தன்வில் என்னும் அச்சுத் தொழிலாளர் ஒலியை எழுதும் கருவியொன்றை அமைத்திருந்தார். வாய்போன்ற ஒரு கூம்பு, அதன் முனையில் மென்படலம், படலத்தில் ஒட்டிய முள், அதன்முன் புகைக்கரி படிந்த தாள். பேசினால் படலம் அதிரும். முள் கரியில் அலையலையாய்க் கோடிடும். அதோடு சரி. கோட்டைக் கண்ணால் காணலாம், காதால் கேட்க முடியாது. ஸ்காட் விரும்பியதும் அவ்வளவே. பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கனவு. அச்சுப்பிழை திருத்துவதில் வாழ்நாளைக் கழித்தவருக்கு வேறென்ன கனவு வரும்?

குரோ கேட்ட கேள்வி எளியது. படலத்தின் அசைவு கோடாகுமானால், கோடு ஏன் மீண்டும் படலத்தின் அசைவாகக் கூடாது? கரியில் விழுந்த கோடு விரல் பட்டால் அழியும். அது முள்ளை நடத்திச் செல்லாது. எனவே அக்கோட்டை ஒளிப்பட முறையால் எஃகுபோன்ற கடினப் பொருளில் பள்ளமாகவோ மேடாகவோ செதுக்க வேண்டும். அப்பள்ளத்தில் ஒரு முள்ளை ஓடவிட்டால், அது முன்னர் அசைந்தவாறே மீண்டும் அசையும். அதனோடு இணைந்த படலம் அதே ஒலியை எழுப்பும். ஒரே நேரத்தில் சுழன்றும் நகர்ந்தும் செல்லும் வட்டத் தட்டில் கோடு சுருளாக விழும் என்றும், உருளையின் மேல் திருகுபோல் விழுந்தால் நடைமுறைக்கு இன்னும் நன்று என்றும் எழுதினார். பிற்காலத்து இசைத்தட்டும் உருளையும் இரண்டுமே அந்தச் சில பத்திகளில் இருக்கின்றன. வண்ணப் படத்துக்காக ஆண்டுக்கணக்கில் ஒளிப்படச் செதுக்கோடு பழகியவருக்கே இந்தக் குறுக்குவழி தோன்றியிருக்க முடியும்.

அதற்கு அவர் இட்ட பெயர் பாலியோஃபோன். கிரேக்க வேர்ப்படி, பழமையின் குரல். கவிஞர்கள் இந்தப் பெயரின்முன் சற்று நிற்கலாம். அந்த ஆண்டு அக்டோபரில், அபே லெனுவார் என்னும் பாதிரியார் ஒரு சமய வார இதழில் குரோவின் கருத்தை விளக்கி எழுதியபோது, போனோகிராஃப் என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஒலியை எழுதுவது என்பது அதன் பொருள். எடிசனும் அப்பெயரையே பயன்படுத்தினார். உலகம் அதை ஏற்றுக்கொண்டது. ஒலியை எழுதும் கருவி என்பது செயலின் பெயர். பழமையின் குரல் என்பதோ, ஒருநாள் இல்லாமல் போகப் போகிறவரின் குரலைக் கேட்க விழைந்தவன் இட்ட பெயர். கருவி பிறக்கும் முன்பே அதன் துயரத்தை அறிந்த பெயர் அது.

அந்நேரத்தில் குரோவிடம் கருவியும் இல்லை, செய்யப் பணமும் இல்லை. எடிசன் தம் கண்டுபிடிப்பை நவம்பரில் அறிவித்த செய்தி பரவியதும், தம் உறையைப் பிரிக்குமாறு கழகத்தை வேண்டினார். 1877 டிசம்பர் 3 அன்று உறை பிரிக்கப்பட்டு வாசிக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்குள் மென்லோ பார்க்கில் எடிசனின் கைவினைஞர் ஜான் குரூசி செய்துமுடித்த கருவி பேசிவிட்டது. டிசம்பர் 24 அன்று எடிசன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1878 பிப்ரவரி 19 அன்று அது கிடைத்தது. மார்ச் 11 அன்று எடிசனின் பிரதிநிதி புஷ்காஷ் அக்கருவியைப் பாரிஸ் அறிவியல் கழகத்திலேயே பேச வைத்தார். முதிய மருத்துவர் புய்யோ, இது வாய் அசைக்காமல் பேசும் வித்தைக்காரனின் ஏமாற்று என்று சினந்தார் என்பது அந்த அமர்வைப் பற்றிய புகழ்பெற்ற கதை. குரோவின் உறை பிரிக்கப்பட்ட அதே கழகத்தில், மூன்று மாதங்களுக்குப் பின், பிறர் செய்த கருவிக்குக் கூட்டம் கைதட்டியது.

எடிசன் திருடினார் என்று சொல்வோர் பிரான்சில் இருந்தனர். அது சரியன்று. மூடிய உறையை அவர் காண வழியில்லை. தந்திச் செய்திகளைத் தாளில் பதித்துத் திருப்பி அனுப்பும் கருவியிலும் தொலைபேசியிலும் உழன்றுகொண்டிருந்தபோது அவருக்கு இது தோன்றியது. வழியும் வேறு: ஒளிப்படமோ செதுக்கோ இன்றி, முள் நேரடியாக மென்தாளைக் குத்திப் பள்ளமிட்டது. பதியும் முறை கரடுமுரடு. ஆனால் அன்றே செய்து அன்றே கேட்கலாம். குரோவின் முறை நுட்பமானது. ஆயினும் செதுக்கிப் பார்க்க நல்ல பட்டறையும் நாட்களும் வேண்டும். குரோ தோற்றது எடிசனிடம் அன்று. தம் கை ஒன்றையும் முடிக்காமல் அடுத்ததற்குத் தாவியதிடம். அவரை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வறுமையையும் அதே தராசில் வைக்க வேண்டும். ஓர் ஆய்வுக்கூடம் நிறைய ஆட்களை வைத்திருந்தவரோடு, நண்பர் வீட்டு மேசையில் எழுதியவரை ஒப்பிட்டுச் சோம்பல் என்று தீர்ப்பெழுதுவது எளிது.

அதன்பின் பத்தாண்டுகள். 1878இல் டென்மார்க் வழிவந்த மேரி என்பவரை மணந்தார். இரு மகன்கள் பிறந்தனர். 1879இல் சந்தனப் பேழையின் இரண்டாம் பதிப்பு. ஐதரோபாத்தர் என்னும் கவிஞர் கூட்டத்திலும், 1881இல் தொடங்கிய கரும்பூனை விடுதியிலும் அவர் மூத்தவராக மதிக்கப்பட்டார். வண்ண அச்சை அவர் கைவிடவில்லை. தம் நீள்கவிதையொன்றுக்கு 1874இல் செதுக்கோவியங்கள் செய்து தந்த மானேயின் வசந்தம் என்னும் ஓவியத்தை 1882இல் தம் மூவண்ண முறையால் அச்சிட்டார்; ஒரு பெண், வெயிலில் குடையோடு. ஆனால் வருவாய் இல்லை. அப்சாந்து மதுவின் பச்சை மயக்கம் மெல்ல உடலைத் தின்றது. 1888 ஆகஸ்டு 9 அன்று, நாற்பத்தைந்தாம் வயதில், பாரிஸில் காலமானார். மோன்பர்னாஸ் இடுகாட்டில் அடக்கம்.

அவர் இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1888 மே மாதத்தில், பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிலையத்தில் எமில் பெர்லினர் தம் கிராமபோனைக் காட்டினார். உருளை அல்ல, தட்டு. முள் மேலும் கீழும் குத்தாமல் பக்கவாட்டில் அலைந்தது. அவருடைய முதல் முயற்சி, கரிக்கோட்டை ஒளிப்படச் செதுக்கால் உலோகத்தில் எழுப்புவதே. பின்னர்தான் மெழுகுப் பூச்சும் அமிலமும் கொண்டு நேரடியாக அரிக்கும் வழியைக் கண்டார். அந்த உரையில் அவர் குரோவின் உறையையும் அதன் நாளையும் நேர்மையோடு குறிப்பிட்டார். அச்செய்தி பாரிஸில் நோயுற்றிருந்த கவிஞரை எட்டியதோ இல்லையோ. பதினோராண்டுகளாகத் தாளில் கிடந்த எண்ணம், வேறொருவர் கையில், கடல் கடந்து தட்டாகச் சுழன்றது.

2008இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஸ்காட் 1860 ஏப்ரலில் கரித்தாளில் பதித்த கோடுகளைக் கணிப்பொறியால் படித்து ஒலியாக்கினர். நிலவொளியைப் பாடும் ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகள். முதலில் வேகம் தவறிச் சிறுமியின் குரல்போல் கேட்டது. திருத்தியபின் ஓர் ஆணின் மெதுவான குரல், பெரும்பாலும் ஸ்காட்டுடையதே. கோட்டை மீண்டும் ஒலியாக்கலாம் என்று குரோ எழுதியதைக் கணிப்பொறி செய்து காட்டியது. குரோவின் குரலோ எதிலும் பதிந்து நமக்கு எட்டவில்லை.

1908இல், அவருடைய மகனும் கவிஞருமான கி-சார்ல் குரோ, தந்தையின் எஞ்சிய கவிதைகளைத் திரட்டி நகங்களின் மாலை என்னும் பெயரில் வெளியிட்டார். அத்தொகுதியில் ஒரு கவிதை உண்டு. வண்ணத்தைப் பிடித்ததையும், அன்புக்குரிய குரல்களைக் காக்க நினைத்ததையும் அதில் அவரே கல்வெட்டுப்போலப் பொறித்துவைத்திருக்கிறார். 1940இல் ஆந்திரே பிரெத்தோன் தம் கருநகைத் தொகைநூலில் அவருக்கு இடம் தந்தார். 1947இல் அவர் பெயரால் ஓர் அகாதெமி பிரான்சில் அமைந்து, சிறந்த இசைத்தட்டுகளுக்குப் பரிசளிக்கத் தொடங்கியது.

சந்தனப் பேழையில், கைவிடப்பட்ட ஒரு பெண் நீரில் மூழ்கி இறக்கத் துணிவதைச் சொல்லும் கவிதை உண்டு. எர்னெஸ்ட் ஷோசோன் 1898இல் அதற்கு இசையமைத்தார். அடுத்த ஆண்டே அவரும் இறந்தார். பியானோவும் நரம்பிசையும் சூழப் பாடப்படும் அப்பாட்டைப் பின்வந்த பாடகியர் பலர் இசைத்தட்டில் பாடிப் பதிந்திருக்கின்றனர்.